ஆயர் ஈத்தாம் வரிசை வீடு: கூரையில் சோலார் ஹீட்டரா, அறைக்கொரு சின்ன ஹீட்டரா?

ஆயர் ஈத்தாம் டீச்சர் | திங்கள், இரவு 9:40

வணக்கம். பினாங்கு ஆயர் ஈத்தாமில் இருக்கும் எங்கள் இரட்டை மாடி வரிசை வீட்டைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறோம். சுவர்களை உடைத்தாயிற்று, துருப்பிடித்த பழைய ஜி.ஐ. குழாய்களையும் கழற்றியாயிற்று. புதுக் குழாய் போடுகிறவர் அடுத்த வாரம் வருகிறார். அதற்குள் வெந்நீர் விஷயத்தில் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும்.

வீட்டில் ஆறு பேர்: நாங்கள் இருவர், பிள்ளைகள் மூவர், முழங்கால் வலியோடு மாமியார். குளியலறை மூன்று. கண்காட்சி ஒன்றில் 300 லிட்டர் சோலார் ஹீட்டரைக் காட்டி, "சூரியன் இலவசம், இயற்கைக்கும் நல்லது" என்றார்கள். விலை எட்டாயிரம் வெள்ளி (ரிங்கிட்). அழுத்தப் பம்பு தனி. அறைக்கொரு சின்ன உடனடி ஹீட்டர் (தொட்டியில்லாமல், ஓடும் தண்ணீரை அப்படியே சூடாக்குவது) போதும் என்பது என் கணவரின் கட்சி. எங்கள் மின்கட்டணம் மாதம் 600 யூனிட்டை ஒட்டியே ஓடுகிறது.

பணம் மட்டும் என் கவலை இல்லை. பள்ளியில் பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழலைப் பற்றி வாய் வலிக்கப் பேசுகிறேன். வீட்டில் எது உண்மையிலேயே குறைவாகக் கெடுதல் செய்யும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கூரை வெயில் | திங்கள், இரவு 10:15

கண்ணை மூடிக்கொண்டு சோலார் போடுங்கள். புக்கிட் மெர்தாஜாமில் எங்களுடையது கூட்டுக் குடும்பம், எட்டுப் பேர். பல வருடமாகக் கூரையில் கிடக்கிறது, வெயில் போதாதபோது தண்ணீரைச் சூடாக்கும் துணை மின்சுருளின் சுவிட்சை மழைக்காலத்தில் மட்டும் தொடுகிறோம். பினாங்கில் இல்லாத வெயிலா?

பழைய தோட்டத்தான் | திங்கள், இரவு 10:52

இந்த ஊரில் வெந்நீர் எதற்கு என்பதே என் முதல் கேள்வி. தோட்டத்தில் விடியற்காலையில் வேலையாட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன் தொட்டித் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டுதான் போனோம், ஒருவரும் விறைத்துச் சாகவில்லை. வீட்டுக் கூரைக்கடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டியை மாலை ஐந்து மணிக்குத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாகவே இருக்கும். அதற்கு மேல் சூடு கேட்பது பழக்கம்தான். மூட்டுவலிக்காரருக்கு வேண்டும், அதை ஒப்புக்கொள்கிறேன்.

கிள்ளான் கணக்கன் | செவ்வாய், காலை 7:05

ஐயா சொன்னதில் பெரிய உண்மை இருக்கிறது. அதையே கணக்காகப் போட்டுப் பார்க்கிறேன்.

நம் குழாய்த் தண்ணீர் வருடம் முழுவதும் 27, 28 பாகையில் (டிகிரி செல்சியஸ்) வருகிறது. குளிக்க 40 பாகை தாராளம். ஆக நாம் ஏற்ற வேண்டியது 12 பாகை மட்டுமே. குளிர் நாடுகளில் தண்ணீர் பத்துப் பாகையில் வீட்டுக்குள் நுழைகிறது, அவர்கள் முப்பது பாகை ஏற்றியாக வேண்டும். அவர்களுக்கு லாபமாக இருக்கும் கருவி நமக்கும் லாபம் என்று எடுத்த எடுப்பில் நம்பிவிடக் கூடாது.

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு பாகை ஏற்ற 1.163 வாட்-மணி. ஒருவர் குளிக்க 40 லிட்டர் என்று வையுங்கள். ஆறு பேருக்கு 240 லிட்டர், 12 பாகை. நாளுக்கு ஏறக்குறைய 3.3 யூனிட், மாதம் 100 யூனிட். 2025 ஜூலை முதல் நடப்பில் உள்ள கட்டணத்தில், மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிப்போருக்கான ஊக்கத்தொகையைக் கழிக்காமல் யூனிட் 44.43 காசு. மாதம் 45 வெள்ளி. இது ஆறு பேரும் தினம் ஒருமுறை வெந்நீரில் குளித்தால். பாதிப் பேர்தான் குளிப்பார்கள் என்றால் 22 வெள்ளி.

சோலார் இதை முழுவதுமே மிச்சப்படுத்தினாலும் எட்டாயிரம் வெள்ளி திரும்பிவர முதல் கணக்கில் 15 வருடம், இரண்டாவதில் 30. பம்பின் விலையை இன்னும் சேர்க்கவில்லை.

கூரை வெயில் | செவ்வாய், காலை 8:20

எல்லாவற்றையும் வெள்ளியில் அளந்தால் எப்படி, கணக்கன்? டீச்சர் கேட்டது சுற்றுச்சூழலைப் பற்றி. தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியும் எரிவாயுவும்தான். நூறு யூனிட் என்றால் எவ்வளவு கரிவாயு (கார்பன் டை ஆக்சைடு), அதையும் சொல்லுங்கள்.

கிள்ளான் கணக்கன் | செவ்வாய், காலை 8:41

நியாயமான கேள்வி. யூனிட்டுக்கு ஏறக்குறைய முக்கால் கிலோ. மாதம் 75 கிலோ. சிறியது இல்லை. ஆனால் அந்த 75 கிலோவைக் குறைக்கச் சோலார் ஒன்றுதான் வழியா என்பது வேறு கேள்வி. ஷவர் தலையிலேயே அதில் பெரும்பங்கு நிற்கிறது. கண்காட்சியில் மாட்டியிருக்கும் அகலமான மழைக் குளியல் தலைக்கு நிமிடத்துக்கு 15 லிட்டர்கூட வேண்டியிருக்கும். எட்டு நிமிடத்தில் 120 லிட்டர், 1.7 யூனிட் வெப்பம். உடனடி ஹீட்டர் 3.6 கிலோவாட். தண்ணீரை 12, 13 பாகை ஏற்ற வேண்டுமானால் அது நிமிடத்துக்கு நான்கு லிட்டருக்கு மேல் தாங்காது. அதே எட்டு நிமிடம், 32 லிட்டர், அரை யூனிட்டுக்கும் குறைவு. சின்ன ஹீட்டரின் இயலாமையே அதன் சிக்கனம்.

சுங்கை டுவா குழாய்க்காரன் | செவ்வாய், பகல் 1:30

சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன், கோர்வையாக இருக்காது. குழாய் வேலையில் தலை நரைத்தவன்.

டீச்சர், முதலில் ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் எத்தனை மணிக்குக் குளிக்கிறார்கள்?

ஆயர் ஈத்தாம் டீச்சர் | செவ்வாய், பிற்பகல் 3:10

பிள்ளைகளும் நானும் காலை ஐந்தரைக்குள். மாமியார் பத்து மணிக்கு. கணவர் இரவில், பெரும்பாலும் பச்சைத் தண்ணீரில்.

சுங்கை டுவா குழாய்க்காரன் | செவ்வாய், இரவு 8:45

அப்படியானால் கேளுங்கள். சோலார் தொட்டியில் தண்ணீர் நன்றாகச் சூடேறுவது பிற்பகல் மூன்று மணிக்கு. நீங்கள் அதைக் கேட்பது மறுநாள் விடியற்காலை. நடுவில் ஓர் இரவு முழுவதும் அது கூரையில் ஆறிக்கொண்டு கிடக்கும். நல்ல தொட்டியென்றால் வெந்நீர் மிஞ்சும். மதியம் மழை கொட்டிய நாளில் மிஞ்சாது. செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை நம் பக்கத்து மழை தெரியும் அல்லவா? ஒரு நாள் காலையில் பிள்ளை "தண்ணீர் சுடவில்லை" என்று கத்தும். அன்றைக்கு யாரோ துணை மின்சுருளின் சுவிட்சைப் போடுவார்கள். அதற்குப் பிறகு அதை அணைக்க ஒருவருக்கும் நினைவிருக்காது.

நான் பார்க்கப் போகும் வீடுகளில் பாதியில் அந்தச் சிவப்பு விளக்கு இரவும் பகலும் எரிந்துகொண்டிருக்கும். வீட்டுக்காரரைக் கேட்டால் "நாங்கள் சோலார்" என்பார். கணக்கன் தம்பி, 300 லிட்டரை 45-லிருந்து 60 பாகைக்கு ஏற்ற எவ்வளவு ஆகும்?

கிள்ளான் கணக்கன் | செவ்வாய், இரவு 8:58

5.2 யூனிட், அண்ணா. ஆறு பேரும் சின்ன ஹீட்டரில் குளித்தால் ஆகும் 3.3-ஐ விட அதிகம்!

சுங்கை டுவா குழாய்க்காரன் | செவ்வாய், இரவு 9:30

அதுதான். சுவிட்சுக்கு ஒரு நேரக்கருவி மாட்டாமல் சோலார் போடுகிறவரை நான் நம்புவதில்லை.

இரண்டாவது, குழாயின் நீளம். கூரைத் தொட்டியிலிருந்து கீழ்மாடிப் பின்புறக் குளியலறைக்கு வரிசை வீட்டில் பன்னிரண்டு மீட்டராவது ஓடும். 22 மில்லிமீட்டர் செம்புக் குழாயில் மீட்டருக்கு 0.32 லிட்டர் நிற்கும், ஆக நான்கு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மாமியார் குழாயைத் திறந்ததும் முதலில் வருவது அந்த ஆறிப்போன தண்ணீர். அது சாக்கடைக்குப் போனால்தான் சுடுதண்ணீர் வரும். குளித்து முடித்ததும் இன்னொரு நான்கு லிட்டர் வெந்நீர் குழாய்க்குள் நின்று ஆறும். ஒவ்வொரு குளியலுக்கும் இந்த இரட்டைச் செலவு. 15 மில்லிமீட்டரில் ஓட்டினால் பாதிக்கும் குறைவாகிவிடும், ஆனால் இரண்டு அறையில் ஒரே நேரம் திறந்தால் இழுக்காது.

மூன்றாவது, கூரையில் வெந்நீர்க் குழாயைச் சுற்றும் கறுப்பு நுரை உறை. நம் வெயிலில் இரண்டு மூன்று வருடத்தில் விரலால் தொட்டாலே மாவாக உதிர்கிறது. அலுமினியத் தகடோ வெயில் தாங்கும் நாடாவோ மேலே சுற்ற வேண்டும். விலைச்சீட்டில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இருக்காது.

கூரை வெயில் அண்ணனோடு எனக்கு வழக்கில்லை. எட்டுப் பேர், மாலைக் குளியல், குளியலறைகள் தொட்டிக்கு நேர் கீழே என்றால் சோலார் அருமையான சாமான். என் மைத்துனர் வீட்டில் நானே போட்டிருக்கிறேன்.

கூரை வெயில் | செவ்வாய், இரவு 10:04

எங்கள் வீடும் அப்படியே. மாலையில்தான் எல்லாரும் குளிப்போம், குளியலறைகளும் ஒன்றன்மேல் ஒன்று. நேரக்கருவியும் இருக்கிறது, தவறாமல் நள்ளிரவில் அணைகிறது. ஒன்று சேர்க்கிறேன்: தொட்டிக்குள்ளே ஒரு மக்னீசியக் கம்பி இருக்கும், துருவைத் தான் வாங்கிக்கொண்டு தொட்டியைக் காப்பாற்றும். சில வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும் என்று விற்கிறவர்கள் வாய் திறப்பதில்லை. மாற்றாமல் விட்டால் தொட்டி ஓட்டையாகிப் பழைய இரும்புக்குத்தான் போகும். அதுவும் சுற்றுச்சூழல் கணக்கில் சேரும்.

செராஸ் வாசி | புதன், காலை 9:15

வெப்பப் பம்பைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஏர்கண்டிஷனரைத் திருப்பிப் போட்டது போன்ற இயந்திரம்: வெளிக்காற்றின் சூட்டை உறிஞ்சித் தண்ணீருக்குக் கொடுக்கிறது. நம் வெப்பத்தில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று, நான்கு யூனிட் வெப்பம் தரும். மழையோ இரவோ அதற்குக் கவலையில்லை. எங்கள் வீட்டில் பின்பக்கத் துவைக்கும் இடத்தில் வைத்திருக்கிறோம், அது துப்பும் குளிர்காற்றில் துணியும் கொஞ்சம் காய்கிறது.

வாங்குவதானால் உள்ளே என்ன குளிரூட்டி வாயு என்று கேளுங்கள். கசிந்தால் ஆர்410ஏ கரிவாயுவைப் போல இரண்டாயிரம் மடங்குக்கு மேல் வெப்பம் பிடிக்கும். ஆர்32 அதில் மூன்றில் ஒரு பங்கு. ஆர்290, அதாவது புரோப்பேன், மிக மிகக் குறைவு.

கிள்ளான் கணக்கன் | புதன், காலை 9:50

இயந்திரம் நல்ல இயந்திரம், நான் மறுக்கவில்லை. ஆனால் அதுவும் தொட்டிதான். கிருமி வளராமல் இருக்கத் தண்ணீரை 60 பாகை வரை ஏற்றியாக வேண்டும், வெதுவெதுப்பாகத் தேக்கி வைக்கக் கூடாது. நமக்குத் தேவை 40. தேவைக்கு மேல் இருபது பாகை ஏற்றி, அது இரவெல்லாம் கசிவதை வேடிக்கை பார்க்கிறோம். டீச்சர் வீட்டில் அது மிச்சப்படுத்துவது மாதம் 60 யூனிட்டைத் தாண்டாது. பத்துப் பேர் தங்கும் விடுதி என்றால் நானே கை காட்டுவேன்.

பழைய தோட்டத்தான் | புதன், காலை 10:30

சமையல் எரிவாயுவை மறந்துவிட்டீர்கள். 14 கிலோ கலன் 26 வெள்ளி 60 காசு. என் நண்பர் கெப்போங்கில் எரிவாயு ஹீட்டர்தான் வைத்திருக்கிறார், தண்ணீர் பாய்ந்து வருகிறது.

கிள்ளான் கணக்கன் | புதன், காலை 10:44

அந்த விலையில் ஒரு யூனிட் வெப்பம் இருபது காசுக்குள் அடங்கும், மின்சாரத்தில் பாதி. உண்மைதான் ஐயா. அந்த மலிவு அரசாங்க மானியத்தின் மலிவு.

சுங்கை டுவா குழாய்க்காரன் | புதன், பகல் 1:15

எரிவாயு ஹீட்டரைக் குளியலறைக்குள் மாட்டக் கேட்டு என்னிடம் வராதீர்கள். வெளிச்சுவரில், காற்றோட்டமான இடத்தில் மட்டும். அடைத்த அறையில் அது கக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. குளிக்கப் போனவர் மயங்கி விழுந்தால் கதவை உடைக்கும்வரை யாருக்கும் தெரியாது. வரிசை வீட்டின் நடுக் குளியலறைக்குச் சன்னலே பேருக்குத்தான் இருக்கிறது. வேண்டாம் ஐயா.

ஜெலுத்தோங் வாளி | புதன், இரவு 9:00

எல்லாரும் சூட்டைப் பேசுகிறீர்கள், தண்ணீரை விட்டுவிட்டீர்கள். 2024 ஜனவரியில் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றியபோது நாங்கள் பட்டது மறந்துவிட்டதா? வாளிகளைத் தேடிக் கடை கடையாக அலைந்தோம். பினாங்கின் தண்ணீரில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சுங்கை மூடா என்ற ஒரே ஆற்றிலிருந்து வருகிறது. அந்த ஆறு பிறப்பது கெடாவின் உலு மூடா காட்டில். காட்டில் மரம் விழுந்தால் நம் குழாய் விக்கும். ஆயர் ஈத்தாம் அணை உங்கள் வீட்டுக்கு மேலேயே இருக்கிறது, டீச்சர், ஆனால் தீவைத் தாங்க அது போதாது. இதையெல்லாம் வைத்துக்கொண்டு நாட்டிலேயே தலைக்கு அதிகமாகத் தண்ணீர் செலவழிக்கும் மாநிலங்களில் நாம் முன்வரிசையில் நிற்கிறோம். மலிவாகக் கிடைப்பதன் கோளாறு.

சுவரை உடைத்திருக்கிறீர்கள், இந்த வாய்ப்பு திரும்ப வராது. மழைத்தண்ணீருக்குத் தனிக் குழாய் ஓட்டுங்கள். பினாங்கில் வருடத்துக்கு 2,400 மில்லிமீட்டர் அளவில் மழை. 60 சதுர மீட்டர் கூரையில் அது 144,000 லிட்டர். பாதியைப் பிடித்தாலும் கழிப்பறைக்கும் வாசல் கழுவவும் செடிக்கும் போதும்.

கிள்ளான் கணக்கன் | புதன், இரவு 9:22

வாளி அண்ணன் சொன்னதோடு ஒன்று. ஆயிரம் லிட்டர் தண்ணீரைச் சுத்தம் செய்து மேலேற்ற ஆவது அரை யூனிட்டை ஒட்டிய மின்சாரம். அதே ஆயிரம் லிட்டரை 12 பாகை சூடாக்க 14 யூனிட். குளிர்ந்த தண்ணீரை வீணாக்குவது ஆற்றுக்குக் கேடு, வெந்நீரை வீணாக்குவது ஆற்றுக்கும் காற்றுக்கும் சேர்த்து.

சுங்கை டுவா குழாய்க்காரன் | புதன், இரவு 10:10

மழைத்தொட்டி வைப்பதானால் மூடி இறுக்கமாக, வழிந்தோடும் வாயில் நுண்வலை. ஏடிஸ் கொசுப்புழு கிடைத்தால் சுகாதார இலாகா அபராதம் விதிக்கும், டிங்கிக் காய்ச்சல் வந்தால் அதைவிட மோசம். கூரையைக் கழுவிவரும் முதல் தண்ணீர் வெளியே போக ஒரு கிளை விடுங்கள். மழைக் குழாயையும் தண்ணீர் வாரியக் குழாயையும் எங்கேயும் ஒன்றாக இணைக்கக் கூடாது, ஒரு வால்வை நம்பியும் கூடாது. சமையலறையில் குடிதண்ணீர்க் குழாய் மட்டும் தொட்டிக்குப் போகாமல் மீட்டரிலிருந்து நேராக வரட்டும்.

கழிப்பறைத் தொட்டி ஆறு லிட்டர், மூன்று லிட்டர் இரட்டைப் பொத்தான் வகை. பழையது ஒன்பது, அதற்கு மேலும் விழுங்கும். கசிவைப் பார்க்க எளிய வழி: இரவில் தொட்டியில் ரோஸ் பானம் கலக்கும் சிவப்புச் சாயம் சில துளி விடுங்கள். காலையில் யாரும் தண்ணீர் விடாமலேயே கிண்ணத்தில் சிவப்புத் தெரிந்தால் ரப்பர் தேய்ந்துவிட்டது.

அழுத்தப் பம்பு போட்டால் ராத்திரி படுக்கையில் காது கொடுங்கள். எல்லாரும் தூங்கும்போது அது தானாக ஓடி ஓடி நின்றால் எங்கேயோ ஒழுகுகிறது. என்னைக் கேட்டால் உங்களுக்குப் பம்பே வேண்டாம். மேல்மாடி ஹீட்டரை மட்டும் உள்ளேயே சின்னப் பம்பு வைத்த வகையாக வாங்குங்கள், குளிக்கும்போது மட்டும் ஓடும்.

ஆயர் ஈத்தாம் டீச்சர் | வியாழன், இரவு 8:30

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு கணவரும் நானும் உட்கார்ந்து பேசினோம். கீழே மாமியாருக்கு ஒரு உடனடி ஹீட்டர், மேலே பொதுக் குளியலறையில் பம்பு வைத்த ஒன்று. எங்கள் அறையில் ஹீட்டர் கிடையாது, கணவர் பச்சைத் தண்ணீர்க்காரர், நான் பிள்ளைகளின் பொதுக் குளியலறையிலேயே குளித்துக்கொள்கிறேன். கழிப்பறை மூன்றும் இரட்டைப் பொத்தான். பின்பக்கம் ஒரு மழைத்தொட்டி, கீழ்மாடிக் கழிப்பறைக்கும் வாசலுக்கும். மிஞ்சும் பணத்தில் பழைய குளிர்பதனப் பெட்டியை மாற்றலாம் என்கிறார். 600 யூனிட்டைத் தாண்டினால் பத்து வெள்ளி 'சில்லறைக் கட்டணம்' (ரீடெய்ல் சார்ஜ்) வேறு சேர்கிறதே, அதற்குள் நிற்க அதுவே உதவும் போலிருக்கிறது.

குழாய்க்கார அண்ணா, பிற்காலத்தில் மனம் மாறிச் சோலார் வைக்க நினைத்தால் மறுபடி சுவரை உடைக்க வேண்டுமா?

கூரை வெயில் | வியாழன், இரவு 9:02

விடியற்காலைக் குளியல் வீட்டுக்கு இது சரிதான். ஆனால் பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போய் மாலையில் குளிக்கத் தொடங்கினால் என்னைக் கூப்பிடுங்கள்.

சுங்கை டுவா குழாய்க்காரன் | வியாழன், இரவு 9:45

சுவரை உடைக்க வேண்டாம், டீச்சர். இப்போதே இரண்டு குளியலறையிலிருந்தும் கூரைக்கடி வரை ஒரு வெந்நீர்க் குழாயை ஓட்டி இரு முனையிலும் அடைத்து வையுங்கள். செம்போ துருப்பிடிக்காத எஃகோ. சாதாரண பி.வி.சி. கூடாது, சூட்டில் தளர்ந்துவிடும். பி.பி.ஆர். (சூடாக்கி இணைக்கும் பிளாஸ்டிக் குழாய்) போடுவதானால் இணைக்கிறவரின் கையைக் கவனியுங்கள். அவசரக்காரர் அதிகம் சூடேற்றி அழுத்துவார், உருகிய பிசிறு உள்ளே வளையமாக நின்று துவாரத்தைப் பாதியாக்கிவிடும். பிறகு "அழுத்தம் இல்லை" என்று பம்பு விற்பார்கள். ஓர் இணைப்பை அறுத்து உள்ளே பார்க்கக் கேளுங்கள். நல்ல வேலைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஹீட்டர் ஒவ்வொன்றுக்கும் 20 ஆம்பியர் தனி இணைப்பு, 10 மில்லிஆம்பியரில் துண்டிக்கும் மின்கசிவுக் காப்பு, முறையான மண் இணைப்பு (எர்த்). காப்பின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். சிரிம் தரச்சான்று முத்திரை இல்லாத ஹீட்டரை இணையத்தில் மலிவு என்று வாங்காதீர்கள்.

சிமெண்டு பூசுவதற்கு முன் எல்லாக் குழாயிலும் தண்ணீர் நிரப்பிக் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி ஓர் இரவு விடச் சொல்லுங்கள். காலையில் முள் இறங்கியிருந்தால் பூச விடாதீர்கள். பிறகு ஒவ்வொரு சுவரையும் அளவுநாடாவைப் பக்கத்தில் பிடித்துப் படம் எடுத்து வையுங்கள். நாளைக்கு யாராவது அலமாரி மாட்ட ஆணி அடிக்கும்போது தேவைப்படும்.

ஆயர் ஈத்தாம் டீச்சர் | வியாழன், இரவு 9:58

படம் எடுக்க மூத்தவனிடம் சொல்லிவிட்டேன். அண்ணா, அடுத்த வாரம் நேரம் கிடைத்தால் அந்த அழுத்தச் சோதனைக்கு நீங்கள் ஒரு நடை வந்து பார்க்க முடியுமா? கூலியைச் சொல்லுங்கள்.

சுங்கை டுவா குழாய்க்காரன் | வியாழன், இரவு 10:20

அடுத்த வாரச் சனிக்கிழமை காலை பாலம் தாண்டி வருகிறேன். தனிச்செய்தியில் முகவரி போடுங்கள். பெட்ரோல் காசும் ஒரு கோப்பைத் தே தாரிக்கும் போதும்.